பட்டனை அழுத்தினால் ஏன் எதுவும் நடக்கவில்லை? – வாசகர் கேள்வி பதில்

பிரவுசருக்குள்ளேயே ஓடும் பக்கங்களை, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி கொண்டு, சொந்தமாக எழுதிப் பார்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒரு பட்டன் வைத்து, அழுத்தினால் பெயரைக் காட்டும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. நிரலைப் பலமுறை படித்துவிட்டேன், தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. (பாலிடெக்னிக் மாணவி, நாமக்கல்)

நிரலைத் திரும்பத் திரும்பப் படிப்பதை நிறுத்திவிட்டு எஃப்12 அழுத்தி, பிழைச் செய்திகள் விழும் கன்சோலைத் திறந்து பாருங்கள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதில் 'நல்' (null, 'எதுவும் இல்லை') என்ற சொல் இருக்கும். நீங்கள் தேடிய பட்டன் கிடைக்கவில்லை என்று பிரவுசர் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய கோப்பில், நிரலைச் சுட்டும் குறியான ஸ்க்ரிப்ட் டேக் மேலே ஹெட் பகுதிக்குள் இருக்கிறது. பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரும், நடுவில் ஸ்க்ரிப்ட் வந்தால் படிப்பதை நிறுத்தி, அதை ஓட்டி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகும். உங்கள் நிரல் பட்டனைத் தேடுகிற நேரத்தில், பட்டன் இருக்கும் வரியை அது இன்னும் படிக்கவே இல்லை.

ஸ்க்ரிப்ட் டேக்கில் 'டிஃபர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், முழுப் பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் உங்கள் நிரல் ஓடும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டைத் தனிக் கோப்பில் வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும். பக்கத்துக்குள்ளேயே எழுதியிருந்தால் அந்த ஸ்க்ரிப்டை 'பாடி' (body) பகுதி முடியும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

அதன் பிறகும் ஓடவில்லை என்றால் இன்னொரு இடத்தைப் பாருங்கள். கிளிக்கை நிரலோடு இணைக்கும் ஆட் ஈவென்ட் லிசனருக்கு ஃபங்ஷனின் (நிரல் துண்டின்) பெயரைக் கொடுக்கும்போது பின்னால் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்களா? போட்டால் அது பக்கம் திறந்த உடனேயே ஓடி முடிந்துவிடும், பட்டனை அழுத்தும்போது ஓடுவதற்கு எதுவும் மிஞ்சாது. அப்புறம், பட்டன் ஃபார்முக்குள் இருந்தால் வகை குறிப்பிடாத பட்டனை பிரவுசர் 'சப்மிட்' பட்டனாகவே எடுத்துக்கொள்ளும். பெயர் ஒரு கணம் தெரிந்து, பக்கம் மறுபடி திறந்து, மறைந்துவிடும். பட்டனின் டைப்பை 'பட்டன்' என்றே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடைக்கு ஒரு சின்ன பில் போடும் பக்கம் எழுதினேன். 500-ஐயும் 30-ஐயும் கூட்டினால் 50030 என்று வருகிறது. (மளிகைக் கடை, விருதுநகர்)

பெட்டியில் நீங்கள் எண்ணை அடித்தாலும் அதன் 'வேல்யூ' எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் கைக்கு வரும். இரண்டு சரங்களுக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டி வைக்கும். கழித்தால் சரியாக வரும், பெருக்கினாலும் சரியாக வரும், அதனால்தான் இந்தப் பிழை பல நாள் கண்ணில் படாமல் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த உடனே 'நம்பர்' கொண்டு எண்ணாக மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் காற்புள்ளிகளை நீக்குங்கள், 1,500 என்று யாராவது அடித்தால் 'நேன்' (எண் அல்ல) என்றுதான் கிடைக்கும். காலியாக விட்ட பெட்டி சத்தமில்லாமல் 0 ஆகிவிடும், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பணம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் பிரவுசர் 0.30000000000000004 என்று காட்டும். பின்னங்களை இரும எண்களில் வைப்பதால் வருகிற விஷயம் இது, உங்கள் நிரலின் குற்றம் இல்லை. எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாகவே வைத்துக் கூட்டுங்கள், காட்டும் நேரத்தில் மட்டும் 100-ஆல் வகுங்கள். காட்டும்போது 1,00,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி விழ 'டு லொகேல் ஸ்ட்ரிங்'குக்கு 'என்-ஐஎன்' என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் அந்தந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறும், ஒரு கணினியில் லட்சமாகவும் இன்னொன்றில் மில்லியன் கணக்கிலும் தெரியும்.

கேள்வி: நான் தமிழாசிரியர். மாணவர்களுக்காகச் சொல் விளையாட்டுப் பக்கம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கிறது. 'விகடகவி'யைத் திருப்பிப் போட்டால் எழுத்துகள் சிதறுகின்றன, இருபுறமும் ஒன்றல்ல என்கிறது. போனில் அடிக்கும்போது எந்த எழுத்து அடித்தார்கள் என்பதும் தெரிவதில்லை. (தஞ்சாவூர்)

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத ஆசை, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் அநேகமாக எல்லாமே ஆங்கில எழுத்தை மனதில் வைத்து எழுதியவை. அதை அப்படியே தமிழுக்குப் போட்டால் இப்படித்தான் உடையும்.

எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'மி' என்பது ம ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். 'ழ்' என்பதும் ழ, புள்ளி என இரண்டு. 'லெங்க்த்' இந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது, அதனால் தமிழ் 5, விகடகவி 7. திருப்பிப் போடும்போது இகரக் குறி வகரத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறது, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தோடு தெரிகிறது.

இதற்கு பிரவுசரிலேயே தீர்வு இருக்கிறது. 'இன்டல் செக்மென்டர்' என்ற ஒன்றைக் கூப்பிட்டு, மொழி தமிழ், பிரிக்கும் அளவு 'கிராஃபீம்' (கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து) என்று சொன்னால் வி, க, ட, க, வி என ஐந்தாகப் பிரித்துத் தரும். அந்த வரிசையைத் திருப்பிச் சேர்த்து ஒப்பிட்டால் விகடகவி விகடகவியாகவே இருக்கும். குரோமில் 2020 முதலே உண்டு, ஃபயர்பாக்ஸில் 2024-இல்தான் வந்தது, பள்ளிக் கணினியில் பழைய ஃபயர்பாக்ஸ் இருந்தால் புதுப்பித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'க்ஷ' என்பதை இது க், ஷ என இரண்டாக எண்ணும், 'ஸ்ரீ'யும் அப்படியே. உங்கள் விளையாட்டில் அவற்றை ஓரெழுத்தாக வைக்க விரும்பினால் நீங்களே சேர்க்க வேண்டும்.

அடுத்தது இன்னும் பெரிய தொல்லை, இது கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதை க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம், க, எகரக் குறி, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் பிரவுசர் இரண்டும் வேறு என்று சொல்லும். சரியாக விடை எழுதிய பிள்ளைக்குத் தவறு என்று காட்டும், அந்தப் பிள்ளைக்குக் காரணமும் புரியாது. ஒப்பிடும் முன் விடையையும் மாணவர் அடித்ததையும் 'நார்மலைஸ்' செய்துவிடுங்கள், இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து எழுதுகிறவர்கள் நிறைய, அதை நார்மலைஸ் சரிசெய்யாது. அந்த இரண்டையுமே சரி என்று ஏற்கும்படி நீங்கள்தான் எழுத வேண்டும்.

சொற்களை அகர வரிசையில் அடுக்கப் போகிறீர்கள் என்றால் வெறும் 'சார்ட்' (sort) போதாது. யூனிகோட் அட்டவணையில் ன இருப்பது ந-வுக்கு அடுத்து, அதனால் பனை முன்னால் வந்து பழம் பின்னால் போகும். 'இன்டல் கொலேட்டர்' தமிழ் மொழிக் குறியோடு கொடுத்தால் ழ, ள, ற, ன என்ற நம் வரிசை கிடைக்கும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பல ஆண்ட்ராய்ட் கீபோர்டுகள் எந்தக் கீ என்றே சொல்லாமல் 229 என்ற எண்ணை மட்டும் தருகின்றன. சொல்லை அவை தமக்குள் கட்டி முடித்துத்தான் பெட்டிக்கு அனுப்புகின்றன. ஆகவே 'கீடவுன்' நிகழ்வை நம்பாதீர்கள். 'இன்புட்' நிகழ்வைக் கேளுங்கள், பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். கணினியில் ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கிறவர்கள் சொல்லைத் தேர்ந்தெடுக்க என்டர் அழுத்துவார்கள். அதை நீங்கள் 'விடையை அனுப்பு' என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சொல்லோடு போய்விடும். நிகழ்வில் 'இஸ் கம்போசிங்' உண்மை என்று இருந்தால் அந்த என்டரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகனின் பிறந்த தேதியைக் காட்டும் பக்கம், சென்னையில் இருக்கும் என் தம்பி திறந்தால் சரியாக இருக்கிறது. நான் திறந்தால் ஒரு நாள் முன்னால் காட்டுகிறது. (நியூ ஜெர்சி)

தேதியை வருடம்-மாதம்-நாள் என்று கோடு போட்டு ஒரே சரமாகக் கொடுத்திருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் அதை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்று ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். சென்னையில் அப்போது அதே நாள் காலை 5.30, உங்கள் ஊரில் முந்தின நாள் மாலை. வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்ணாகக் கொடுங்கள், திறக்கிறவரின் ஊர் நேரப்படியே எடுத்துக்கொள்ளும். அப்படிக் கொடுக்கும்போது ஜனவரி 0, டிசம்பர் 11. நாள் மட்டும் 1-இலிருந்து. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார், தேதிக் கணக்கு அன்றைய ஜாவா மொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜாவா பின்னாளில் நல்ல தேதி முறைக்கு மாறிவிட்டது, இணையப் பக்கங்கள் உடையக் கூடாது என்பதால் இங்கே அது அப்படியே நிற்கிறது.

கேள்வி: எங்கள் வாசகசாலைக்குப் புத்தகப் பட்டியல் பக்கம் எழுதினேன். புதிதாகச் சேர்த்த புத்தகத்தின் 'நீக்கு' பட்டன் வேலை செய்வதில்லை. மேலே காட்டும் மொத்த எண்ணிக்கையும் அவ்வப்போது தவறுகிறது. ரியாக்ட் என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) படித்தால் எல்லாம் தீரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (யாழ்ப்பாணம்)

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

நீக்கு பட்டன்களைத் தேடி ஒவ்வொன்றுக்கும் நிகழ்வு கட்டிய நேரத்தில் இருந்த பட்டன்களுக்கு மட்டும்தான் அது கட்டப்பட்டது. பிறகு வந்தவற்றுக்கு யாரும் கட்டவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவதை விட, பட்டியல் முழுவதற்கும் மேலே இருக்கும் ஒரே பெட்டிக்குக் கட்டுங்கள். ஒரு பட்டனில் விழுந்த கிளிக் அதோடு நிற்காது, அதைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஏறிக்கொண்டே போகும். மேலே காத்திருந்து, கிளிக் எங்கிருந்து வந்தது என்பதை 'க்ளோசஸ்ட்' கொண்டு கேட்டு, அந்த வரியில் நீங்கள் எழுதி வைத்த புத்தக எண்ணை எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு எத்தனை புத்தகம் சேர்த்தாலும் இந்த ஒரு ஃபங்ஷன் போதும்.

எண்ணிக்கை தவறுவதுதான் ஆழமான விஷயம். உங்கள் நிரலில் சேர்க்கும்போது எண்ணிக்கையில் ஒன்று கூட்டுகிறீர்கள், நீக்கும்போது ஒன்று கழிக்கிறீர்கள், தேடும்போது சில வரிகளை மறைக்கிறீர்கள், ஆக எத்தனை புத்தகம் இருக்கிறது என்ற ஒரே உண்மை திரையில் ஓரிடத்தில், மாறியில் ஓரிடத்தில், மறைந்த வரிகளில் ஓரிடத்தில் என்று சிதறிக் கிடக்கிறது, ஏதோ ஒரு வழியில் ஒன்றைப் புதுப்பிக்க மறந்தால் போச்சு. புத்தகங்களை ஒரே ஒரு அர்ரேயில் (தரவு வரிசையில்) வையுங்கள். 'வரை' என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள், அது அந்த அர்ரேயைப் பார்த்துப் பட்டியலையும் எண்ணிக்கையையும் திரையில் எழுத வேண்டும். சேர்ப்பது, நீக்குவது, தேடுவது எல்லாமே தரவை மட்டும் மாற்றிவிட்டு 'வரை'யைக் கூப்பிட வேண்டும். திரையிலிருந்து எதையும் எண்ணவே கூடாது. இதை ஒரு மாலை உட்கார்ந்து செய்யுங்கள், நிரல் பாதியாகச் சுருங்கும்.

2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்டின் மையமும் இதேதான்: தரவை மாற்று, திரையை அது பார்த்துக்கொள்ளும். முழுவதையும் அழித்து எழுதினால் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் பெட்டியின் கர்சர் தொலையும், அதனால் மாறிய இடத்தை மட்டும் அது தேடித் தொடுகிறது. உங்கள் பக்கத்தில் தேடல் பெட்டியைப் பட்டியலுக்கு வெளியே வைத்துவிட்டால் அந்தத் தொல்லையும் வராது. வேலைக்காக ரியாக்ட் தேவை என்றால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் கையால் ஒருமுறை இப்படி எழுதிவிட்டுப் போனால், அது எதற்காக இருக்கிறது என்பது முதல் நாளிலேயே புரியும். 2006-இல் ஜான் ரெசிக் கொடுத்த ஜேக்வெரி என்ற லைப்ரரி அன்று எவ்வளவோ பேரைக் காப்பாற்றியது, பிரவுசருக்கு பிரவுசர் எழுத்து முறை வேறுபட்ட காலம் அது. அது செய்த வேலைகளில் பெரும்பகுதி இன்று பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டது. கருவிகள் மாறும், தரவை ஓரிடத்தில் வைக்கும் பழக்கம் எல்லாவற்றிலும் உதவும்.

கேள்வி: தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் சர்வரிலிருந்து சொற்களைக் கொண்டு வருகிறேன். போன் திக்குகிறது. சில நேரம் 'கடல்' என்று அடித்தால் 'க'வுக்கான முடிவுகள் தெரிகின்றன. (கோயம்புத்தூர்)

முடிவு மாறி வருவதற்குக் காரணம், முதலில் கேட்ட 'க' பெரிய பட்டியல் என்பதால் தாமதமாக வந்து, பிறகு கேட்ட 'கடல்' முடிவின் மேல் எழுதிவிடுகிறது. வலையில் கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்று எந்த உறுதியும் கிடையாது. புதிய கேள்வி கேட்கும் முன் பழையதை 'அபார்ட் கன்ட்ரோலர்' கொண்டு ரத்து செய்யுங்கள். அடித்து முடித்து 300 மில்லி விநாடி சும்மா இருந்தால் மட்டும் கேளுங்கள், கேள்விகள் வெகுவாகக் குறையும், வாசகரின் டேட்டாவும் மிச்சமாகும். இன்னொன்று, சர்வரிடம் கேட்கும் 'ஃபெட்ச்', 'அது இங்கே இல்லை' என்ற 404 வந்தாலும் வெற்றி என்றே நினைத்துக்கொள்ளும், பதிலின் 'ஓகே'யை நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

திக்குவதற்குக் காரணம் வேறு. உங்கள் நிரல், திரை வரைவது, விரலுக்குப் பதில் சொல்வது எல்லாம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒவ்வொரு முறைக்கும் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி விநாடி. ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் எழுதினால் அது தாண்டிவிடும். முதல் 50 முடிவுகளை மட்டும் காட்டுங்கள். யாரும் ஐந்நூறாவது முடிவு வரை போகப் போவதில்லை. விலை குறைந்த போனில் சோதித்துப் பார்க்காமல் எதையும் வெளியிடாதீர்கள், உங்கள் லேப்டாப்பில் ஓடுகிற வேகம் உங்கள் வாசகருக்குக் கிடையாது.

கேள்வி: பாப்அப் பெட்டி, திறந்து மூடும் கேள்வி பதில் பகுதி, இவற்றுக்கு எந்த லைப்ரரி நல்லது? (மதுரை)

எதுவும் வேண்டாம். 'டயலாக்' என்ற டேக் 2022 மார்ச்சிலிருந்து எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறது. 'ஷோ மோடல்' என்று திறந்தால் பின்னால் இருக்கும் பக்கம் தானாகச் செயலிழக்கும், எஸ்கேப் அழுத்தினால் மூடும். திறந்து மூடும் பகுதிக்கு 'டீட்டெயில்ஸ்', 'சம்மரி' இரண்டு டேக்குகள் போதும், ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கூட வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பட்டன் எல்லாம் 'டிவ்' டேக்கில் இருக்கிறது, அதை மாற்றிவிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடருக்கு அது பட்டன் என்றே தெரியாது, கீபோர்டில் டேப் அழுத்தி வருகிறவர்களால் அங்கே போகவும் முடியாது. உண்மையான பட்டன் டேக்கில் இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.

கேள்வி: வருகையாளர் கருத்து எழுதும் பகுதியில் யாரோ எதையோ எழுதிவிட்டார்கள், பக்கத்தைத் திறக்கிற எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வருகிறது. (திருநெல்வேலி)

கருத்தைக் காட்ட 'இன்னர் எச்டிஎம்எல்' பயன்படுத்தியிருக்கிறீர்கள், உடனே 'டெக்ஸ்ட் கன்டென்ட்' ஆக மாற்றுங்கள். முன்னதில் வாசகர் எழுதியது பக்கத்தின் பகுதியாகவே ஆகிவிடும். ஸ்க்ரிப்ட் டேக்கை இப்படிப் போட்டால் ஓடாது என்று நம்பிச் சிலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இல்லாத படம் ஒன்றைக் காட்டச் சொல்லி, படம் கிடைக்காதபோது ஓடும் நிரலை அதோடு வைத்தால் அது ஓடும். உங்கள் பக்கத்தில் நடந்திருப்பதும் அதுதான். பெட்டி காட்டியவர் விளையாட்டாகச் செய்திருக்கிறார், அதே வழியில் லாகின் விவரத்தைத் திருடவும் முடியும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சாமி கம்கர் தன் பக்கத்தில் இப்படி ஒரு நிரலை வைத்தார், பார்த்தவர் பக்கத்துக்கெல்லாம் அது தன்னைத்தானே நகலெடுத்து, 20 மணி நேரத்துக்குள் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பக்கங்களுக்குப் பரவியது. ஏற்கெனவே சேமித்த கருத்துகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் பாஸ்வேர்டு எழுதி வைத்துச் சரிபார்க்கிறேன். யாராவது பார்க்க முடியுமா? (சேலம்)

முடியும், யார் வேண்டுமானாலும். பிரவுசருக்கு அனுப்பியது எல்லாம் வாசகர் கையில் இருக்கிறது. பாஸ்வேர்டு, கட்டணச் சேவையின் ரகசியக் குறியீடு, விலை கணக்கிடும் இறுதி முடிவு எல்லாம் சர்வரில்தான் இருக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: சுய உதவிக் குழுவின் வரவு செலவை பிரவுசருக்குள்ளேயே இருக்கும் 'லோக்கல் ஸ்டோரேஜில்' சேமிக்கிறேன். நம்பி வைக்கலாமா? (திண்டுக்கல்)

அதில் மட்டும் வைக்காதீர்கள். அதில் சரங்களை மட்டும்தான் வைக்க முடியும், அளவும் சுமார் 5 எம்பிதான், ஆனால் உங்கள் கணக்குக்கு அது போதும் என்பதால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலை வேறு இடத்தில். பிரவுசரில் சேமித்த தளத் தரவை யாராவது சுத்தம் செய்தால் அதோடு போகும், போன் மாறினால் வராது. ஐபோனில் இன்னும் கூடுதல் கவனம் தேவை, 2020-இலிருந்து சஃபாரி, அதைப் பயன்படுத்தும் ஏழு நாட்களில் ஒருமுறைகூட உங்கள் பக்கத்தைத் திறந்து தொடாவிட்டால் அங்கே நிரல் சேமித்ததை அழித்துவிடும். மற்றவர்களின் பணக் கணக்கு என்பதால் பக்கத்தில் 'கோப்பாக இறக்கு' என்று ஒரு பட்டனும், அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்ற இன்னொரு பட்டனும் கட்டாயம் வையுங்கள். 'ப்ளாப்' கொண்டு தரவைக் கோப்பாக்குவது பத்து வரிக்குள் முடியும் வேலை. மாதக் கூட்டம் முடிந்ததும் அந்தக் கோப்பைக் குழுவில் குறைந்தது இரண்டு பேருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.